மாஸ்கோ திரைப்பட விழா: பரிசுப் பட்டியலை மட்டும் பார்த்தால் போதாது

கேள்வி இது: “மாஸ்கோ சர்வதேசத் திரைப்பட விழாவும் கான், வெனிஸ், பெர்லின் மாதிரி ‘ஏ’ வகுப்புப் போட்டி விழா என்கிறார்கள். ஆனால் அங்கே பரிசு வாங்கிய படங்கள் யாருக்கும் ஞாபகமே இல்லையே? உண்மையில் அது பெரிய விழாவா, இல்லை சோவியத் காலப் பெயரை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்களா? அங்கே ஒரு இந்தியப் படம் தேர்வானால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?”

ஒரு காலத்தில் அது பெரிய விழாதான். ஆனால் அதை நடத்தியவர்கள் எதைப் பெருமையாக நினைத்தார்களோ, அதனால் வந்த பெருமை குறைவு. பரிசு யாருக்குப் போக வேண்டும் என்பதில் அரசின் கை எப்போதும் இருந்தது. அந்தப் பிடி நழுவிய சில வருடங்களின் பரிசுகள்தான் இன்றும் பேசப்படுகின்றன. மற்ற வருடங்களில் விழாவின் உயிர் போட்டிக்கு வெளியே, டிக்கெட்டுக்காக ஊர் முழுக்க அலைந்த மாஸ்கோ ஜனங்களிடம் இருந்தது. இனி விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘ஏ’ வகுப்பு. திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு என்று ஒன்று உண்டு. ஃபியாஃப் (FIAPF) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். விழாக்களுக்கு அங்கீகாரம் கொடுப்பது அதுதான். குறிப்பிட்ட வகைப் படம் என்ற வரம்பு இல்லாமல், சர்வதேச நடுவர் குழு வைத்து, முழுநீளப் படங்களுக்குப் போட்டி நடத்தும் விழாக்களை அது ஒரு பிரிவில் வைக்கிறது. அந்தப் பிரிவுக்குத்தான் பத்திரிகைகள் ‘ஏ’ வகுப்பு என்று பெயர் வைத்துவிட்டன. இது தரவரிசை இல்லை என்று ஃபியாஃப்பே சொல்கிறது. அந்தப் பிரிவில் கான், வெனிஸ், பெர்லின் மட்டுமல்ல, கார்லோவி வாரி, சான் செபாஸ்டியன், ஷாங்காய், தோக்கியோ, கெய்ரோ எல்லாம் உண்டு. நம் கோவா விழாவும் உண்டு. கோவாவின் தங்க மயிலையும் கானின் தங்கப் பனையையும் யாரும் ஒரே தட்டில் வைப்பதில்லையே, அது போதும் இந்த ‘ஏ’வின் கனத்தைப் புரிந்துகொள்ள.

இந்தப் பிரிவுக்கு ஒரு விதி இருக்கிறது. வேறொரு பெரிய விழாவின் போட்டியில் ஏற்கெனவே கலந்துகொண்ட படத்தை இங்கே போட்டியில் வைக்க முடியாது. அதனால் எல்லா விழாக்களும் புதுப் படங்களுக்காக ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. மாஸ்கோ விழா பல காலம் கோடையில் நடந்தது. மே மாதம் கான் முடிந்து எல்லோரும் களைத்திருக்கும் நேரம். ஆகஸ்ட் கடைசியில் வெனிஸ் காத்திருக்கிறது. 2018இல் ரஷ்யாவில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்ததால் விழா ஏப்ரலுக்கு நகர்ந்தது. அப்புறம் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டது. அது இன்னும் சங்கடமான இடம். நல்ல படம் கையில் வைத்திருக்கும் தயாரிப்பாளர் கானிலிருந்து என்ன பதில் வருகிறது என்று பார்க்காமல் முந்தைய மாதமே மாஸ்கோவுக்குக் கொடுத்துவிடுவாரா? பரிசுப் படங்கள் ஞாபகத்தில் நிற்காததற்கு அரசியல் மட்டும் காரணமில்லை, காலண்டரும் ஒரு காரணம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். மாஸ்கோவில் முதல் விழா நடந்தது 1935இல். நடுவர் குழுத் தலைவர் சோவியத் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன். முதல் பரிசு லெனின்கிராடின் லென்ஃபில்ம் ஸ்டூடியோவுக்குப் போனது. ‘சப்பாயெவ்’ உள்ளிட்ட அதன் படங்களுக்காக. இரண்டாம் பரிசு பிரெஞ்சு இயக்குநர் ரெனே கிளேருக்கு. மூன்றாம் பரிசுதான் வேடிக்கை: வால்ட் டிஸ்னியின் கார்ட்டூன்களுக்கு! ஸ்டாலின் கால மாஸ்கோ டிஸ்னிக்குப் பரிசு கொடுத்தது என்றால் இன்று பலர் நம்ப மாட்டார்கள். அந்த விழா அதோடு நின்றுபோனது. முறையான கணக்கு 1959இல்தான் தொடங்குகிறது. ‘திரைக்கலையில் மனிதநேயத்துக்காக, மக்களிடையே அமைதிக்காகவும் நட்புக்காகவும்’ என்பது விழாவின் முழக்கம். ஸ்டாலின் இறந்து, அடுத்து வந்த குருஷ்சேவ் காலத்தில் பனி கொஞ்சம் உருகி, அதாவது கெடுபிடிகள் கொஞ்சம் தளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் பெரும் பரிசு செர்கேய் பொந்தார்ச்சுக்கின் ‘ஒரு மனிதனின் விதி’க்கு. எழுத்தாளர் ஷோலகவின் கதை, பொந்தார்ச்சுக் இயக்கிய முதல் படம், நாயகனாக நடித்ததும் அவரே. உள்ளூர்ப் படத்துக்கே பரிசு என்று முணுமுணுக்கலாம்தான், ஆனால் படம் அந்தப் பரிசுக்குத் தகுதியானது.

அப்போதே ஒரு விசித்திரமான ஏற்பாடும் வந்தது. சோஷலிச நாடுகளுக்கு ஆண்டுக்கு ஒரு பெரிய விழாதான் என்று ஆனதால், செக்கஸ்லோவாகியாவின் கார்லோவி வாரி விழாவும் மாஸ்கோவும் முறை வைத்துக்கொண்டன. ஒற்றைப்படை ஆண்டில் மாஸ்கோ, இரட்டைப்படை ஆண்டில் கார்லோவி வாரி. 1946 முதல் நடந்துவந்த செக் விழா தன் இடத்தில் பாதியைப் புதிதாக வந்த பெரியண்ணனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை 1990களின் தொடக்கம் வரை நீடித்தது. அதிலிருந்து விடுபட்ட கார்லோவி வாரி பிறகு மாஸ்கோவை முந்திச் சென்றது.

1961இல் இரண்டாம் விழா. புஷ்கின் சதுக்கத்தில் சுமார் 2,500 பேர் அமரும் ‘ரஸ்ஸியா’ திரையரங்கை அந்த விழாவையொட்டித் திறந்தார்கள். இத்தாலிய நடிகை ஜீனா லொல்லோபிரிஜிடா வந்தார், ஹாலிவுட்டின் எலிசபெத் டெய்லர் வந்தார். இருவரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கவுனில் வந்து நின்ற புகைப்படம் உலகெங்கும் சுற்றியது. சில மாதங்கள் முன்பு விண்வெளிக்குப் போய்வந்த ககாரினும் விழாவுக்கு வந்தார். அந்த ஆண்டு பெரும் பரிசை இரண்டு படங்கள் பகிர்ந்துகொண்டன. ஒன்று க்ரிகோரி சுக்ராயின் சோவியத் படம் ‘தெளிந்த வானம்’. மற்றது ஜப்பானிய இயக்குநர் கனேதோ ஷிண்டோவின் ‘நிர்வாணத் தீவு’.

மாஸ்கோ விழா உலக சினிமாவுக்கு உண்மையில் என்ன செய்தது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த ஷிண்டோ கதையைத்தான். தண்ணீர் இல்லாத ஒரு குட்டித் தீவில் ஒரு குடும்பம். பக்கத்துக் கரையிலிருந்து படகில் தண்ணீர் கொண்டுவந்து, தோளில் காவடியாகச் சுமந்து மேடேறிப் பயிருக்கு ஊற்றுகிறார்கள். படம் முழுக்க ஏறக்குறைய இதுதான். வசனம் கிட்டத்தட்டக் கிடையாது. ஷிண்டோவின் சிறிய சொந்த நிறுவனம் மூடப்படும் நிலையில் இருந்தபோது, கடைசிப் படம் என்று நினைத்து மிகக் குறைந்த செலவில், சின்னக் குழுவை வைத்து எடுத்தார். மாஸ்கோ பரிசுக்குப் பிறகு அதைப் பல நாடுகள் வாங்கின, நிறுவனம் பிழைத்தது. அதே ஷிண்டோ 1971இலும் மாஸ்கோவில் தங்கப் பரிசு வாங்கினார். 1999இல், 87 வயதில், முதுமையையே பொருளாகக் கொண்ட படத்தோடு வந்து மூன்றாம் முறையும் முதல் பரிசை வாங்கினார். ஒரு விழாவும் ஒரு கலைஞனும் இவ்வளவு நீண்ட காலம் ஒட்டி நின்றது அபூர்வம்.

இப்போது 1963. மாஸ்கோ விழாவைப் பற்றி ஒரே ஒரு கதைதான் சொல்ல முடியும் என்றால் அது இதுதான்.

அந்த வருட மார்ச்சில் குருஷ்சேவ் கிரெம்ளினில் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் கூட்டி வைத்துச் சத்தம் போட்டிருந்தார். ஜூனில் கட்சியின் மத்தியக் குழு கருத்தியல் பிரச்சினைகளுக்காகவே ஒரு கூட்டம் நடத்தியது. பனி மறுபடியும் உறையத் தொடங்கிய நேரம். ஜூலையில் விழா. நடுவர் குழுத் தலைவர் சுக்ராய். போரில் பாராசூட் படையில் இருந்து காயம்பட்டவர், ‘ஒரு சிப்பாயின் கதை’ எடுத்தவர், கட்சிக்காரர். குழுவில் அமெரிக்காவின் ஸ்டான்லி கிரேமர், பிரெஞ்சு நடிகர் ஜான் மரே, இத்தாலியத் திரைக்கதையாளர் செர்ஜியோ அமிதேய், நம் சத்யஜித் ராய் ஆகியோர் இருந்தார்கள். போட்டிக்கு வந்திருந்தது இத்தாலிய இயக்குநர் ஃபெல்லினியின் ‘எட்டரை’.

அடுத்த படம் என்ன எடுப்பது என்று தெரியாமல் திணறும் ஒரு இயக்குநரின் கனவும் நினைவும் குழப்பமும்தான் அந்தப் படம். தொழிலாளி இல்லை, போர் இல்லை, நம்பிக்கையூட்டும் முடிவும் வழக்கமான அர்த்தத்தில் இல்லை. அதிகாரிகளுக்கு அது ஆகாத சரக்கு. சோவியத் தரப்பில் போட்டியில் இருந்ததோ ‘பலூயேவைச் சந்தியுங்கள்’ என்ற கட்டுமானத் தொழிலாளர் கதை. அதை இன்று ரஷ்யாவிலேயே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகம். குழுவுக்குள் சோஷலிச நாடுகளின் ஓட்டுகள் ஒரு பக்கம், மேற்கத்திய உறுப்பினர்கள் ஒரு பக்கம் என்று பிளவு. ஃபெல்லினிக்குப் பரிசு இல்லையென்றால் வெளியேறிவிடுவோம் என்று மேற்கத்தியவர்கள் எழுந்தார்கள். மேலிடத்து நெருக்கடிக்கும் இவர்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சுக்ராய், கடைசியில் ஃபெல்லினி பக்கம் நின்றார். பரிசுக் குறிப்பில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். உண்மையைத் தேடும் கலைஞனின் அகப் போராட்டத்தைக் காட்டிய இயக்குநரின் பணிக்காக என்று எழுதினார்கள். அதாவது, படத்தின் கருத்தை நாங்கள் ஆமோதிக்கவில்லை, ஆளின் திறமைக்குத்தான் பரிசு என்று அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம். சுக்ராய் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பெரும் பரிசு வாங்கிய அந்தப் படத்துக்கு சோவியத் திரையரங்குகளில் வழக்கமான வெளியீடும் கிடைக்கவில்லை. பரிசு கொடுத்த நாடே படத்தைத் தன் ஜனங்களுக்குக் காட்டவில்லை.

அதே 1963இல்தான் சுசித்ரா சென் ‘சாத் பாகே பாந்தா’ வங்காளப் படத்துக்காகச் சிறந்த நடிகை விருது வாங்கினார். சிறந்த நடிகர் யார் தெரியுமா? ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தின் ஸ்டீவ் மெக்வீன். கல்கத்தாவும் ஹாலிவுட்டும் ஒரே மேடையில்! பின்னாட்களில் மிருணாள் சென் இரண்டு முறை வெள்ளிப் பரிசு பெற்றார். 1975இல் ‘கோரஸ்’, 1979இல் ‘பரசுராம்’. இந்தியாவின் பெயர் மாஸ்கோவில் நன்றாகவே ஒலித்தது. ஆனாலும் சோவியத் ஜனங்களுக்கு இந்திய சினிமா என்றால் அது ராஜ் கபூர்தான். 1954இல் ‘ஆவாரா’ அங்கே வெளியானபோது பிடித்த பைத்தியம் தலைமுறைகள் தாண்டியும் தெளியவில்லை. விழா பரிசளித்த இந்தியாவும் ஜனங்கள் கொண்டாடிய இந்தியாவும் வேறு வேறு.

1963க்குப் பிறகு அமைப்பாளர்கள் உஷாராகிவிட்டார்கள் என்று பரிசுப் பட்டியலைப் பார்த்தால் தோன்றும். 1965இல் பெரும் பரிசு பொந்தார்ச்சுக்கின் ‘போரும் அமைதியும்’ முதல் பாகங்களுக்கும் ஒரு ஹங்கேரியப் படத்துக்கும். 1967இல் மறுபடி ஒரு சோவியத் படம், ஒரு ஹங்கேரியப் படம். 1969 முதல் மூன்று தங்கப் பரிசுகள் என்பது வழக்கமாயிற்று. அந்த ஆண்டு கியூபா, இத்தாலி, சோவியத். 1971இல் ஜப்பான், இத்தாலி, சோவியத். 1977இல் ஹங்கேரி, சோவியத், ஸ்பெயின். 1983இல் மொராக்கோ, நிகராகுவா, சோவியத். வீட்டுக்காரருக்கு ஒன்று, தோழமை நாட்டுக்கோ மூன்றாம் உலகுக்கோ ஒன்று, மேற்கின் இடதுசாரி இயக்குநர் ஒருவருக்கு ஒன்று. தங்கத்துக்குக் கீழே வெள்ளி, சிறப்புப் பரிசு, பாராட்டுப் பத்திரம், சோவியத் அமைப்புகள் தனித்தனியே தரும் பரிசுகள் என்று பந்தியில் இலைக்கு இலை பரிமாறுவதுபோல எல்லோருக்கும் ஏதாவது விழும். யாரும் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டாம் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் பரிசுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

இதனால் பரிசு வாங்கிய படங்கள் எல்லாமே மோசம் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1975இன் மூன்று தங்கங்களைப் பாருங்கள்: ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘தெர்சு உசாலா’, போலந்து இயக்குநர் வாய்தாவின் ‘வாக்களிக்கப்பட்ட பூமி’, இத்தாலிய இயக்குநர் எத்தோரே ஸ்கோலாவின் ‘நாம் எல்லோரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு நேசித்தோம்’. எந்த விழாவும் பொறாமைப்படும் வரிசை இது. குரோசாவா 1971இல் தற்கொலைக்கு முயன்று மீண்டவர். ஜப்பானில் பணம் போட ஆள் இல்லாத நேரத்தில் மாஸ்கோவின் அரசு ஸ்டூடியோவான மோஸ்ஃபில்ம் அழைத்து சைபீரியக் காட்டில் படமெடுக்க வைத்தது. 1979இல் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் ‘அமெச்சூர்’ தங்கம் வாங்கியது. ஒரு தொழிற்சாலை ஊழியர் கேமரா வாங்குகிறார், பார்த்ததை எடுக்கிறார், நிர்வாகம் சில காட்சிகளை வெட்டச் சொல்கிறது. தணிக்கையைப் பற்றிய இந்தப் படத்துக்கு பிரெஷ்னேவ் கால மாஸ்கோ தங்கம் கொடுத்தது! 1985இல் சோவியத் இயக்குநர் எலெம் கிளீமவின் ‘வந்து பார்’. போர்ப் படங்களில் இதைத் தாண்டி ஒன்று வந்ததா என்று எனக்குச் சந்தேகம்தான்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சோவியத் நாட்டின் பெரிய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் எந்தப் படமும் மாஸ்கோவின் முதல் பரிசை வாங்கியதில்லை. அவருடைய முதல் முழுநீளப் படத்துக்கு வெனிஸ் 1962இல் தங்கச் சிங்கம் கொடுத்தது. சோவியத் சினிமாவின் உச்சங்களை வெளியூர் விழாக்கள் கொண்டாட, உள்ளூர் விழா பத்திரமான படங்களை முன்னால் நிறுத்தியது.

அப்படியானால் மாஸ்கோ ஜனங்கள் ஏன் இந்த விழாவுக்காகத் தவமிருந்தார்கள்? போட்டிக்காக இல்லை. ஆண்டு முழுவதும் பார்க்கக் கிடைக்காத வெளிநாட்டுப் படங்கள் அந்த இரண்டு வாரத்தில் கிடைக்கும் என்பதற்காக. பொது வெளியீட்டுக்கு வராதவை, வந்தாலும் வெட்டுப்பட்டு வருபவை, விழாவில் முழுதாக ஓடும். குப்ரிக்கின் ‘2001’ சோவியத் மண்ணில் திரையேறியது 1969 விழாவில். பெரிய அரங்குகள், விளையாட்டரங்குகள், நகரத்தின் ஓரத்துத் தியேட்டர்கள் எல்லாவற்றிலும் காட்சிகள். டிக்கெட்டுகளில் கணிசமான பகுதி அலுவலகங்கள், சங்கங்கள் வழியாகத் தெரிந்தவர்களுக்குப் போய்விடும். மிச்சத்துக்கு விடிய விடிய வரிசை. சப்டைட்டில் கிடையாது. மைக் முன்னால் ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து, நடிகர்களின் குரலுக்கு மேலேயே ரஷ்ய மொழியில் சொல்லிக்கொண்டு போவார். காதலன், காதலி, போலீஸ், பாட்டி எல்லோருக்கும் ஒரே குரல். சிலர் படத்தை முன்கூட்டிப் பார்க்காமலே சொல்ல வேண்டியிருக்கும். அதில் கைதேர்ந்த சிலர் பின்னாளில் வீடியோ கேசட் காலத்தில் திருட்டு கேசட்டுகளின் குரலாக நாடெங்கும் பிரபலமானார்கள். அந்த ஊர் சினிமா ரசனை உருவானதில் இந்தக் காட்சிகளுக்கு இருந்த பங்கு தங்கப் பரிசுகளுக்கு இருந்ததைவிட அதிகம் என்பது என் எண்ணம்.

1987இல் பிடி மறுபடி நழுவியது. இந்த முறை மேலிருந்தே, கோர்பச்சேவ் காலத்துச் சீர்திருத்தத்தால். முந்தைய ஆண்டு மே மாதம் சோவியத் திரைப்படக் கலைஞர் சங்கத்தின் மாநாட்டில் பழைய தலைமையைத் தூக்கியெறிந்துவிட்டு கிளீமவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தடைசெய்து அலமாரியில் பூட்டிய படங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். விழாவின் நடுவர் குழுத் தலைவர் ராபர்ட் டி நீரோ. பெரும் பரிசு, 24 ஆண்டுகள் கழித்து, மறுபடியும் ஃபெல்லினிக்கு, ‘இன்டர்விஸ்டா’. இந்தத் தடவை யாரும் சண்டை போடவில்லை.

ஆனால் அந்த ஆண்டின் பெரிய நிகழ்வு போட்டியில் நடக்கவில்லை, ஒரு செய்தியாளர் கூட்டத்தில் நடந்தது. தடைசெய்த படங்கள் எல்லாம் வெளிவந்துவிட்டனவா என்ற கேள்வி வந்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, இருபது ஆண்டுகளாகப் பேசாமல் இருந்துவிட்டேன், என்னைப் பேச விடுங்கள் என்று கேட்டார். அவர் அலெக்சாந்தர் அஸ்கோல்தவ். 1967இல் ‘கமிசார்’ என்ற படத்தை எடுத்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் கருவுற்றிருக்கும் ஒரு செஞ்சேனைப் பெண் அதிகாரியை ஒரு ஏழை யூதக் குடும்பம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் கதை. மூலம் வசீலி கிராஸ்மனின் சிறுகதை. படத்தைத் தடைசெய்ததோடு, அவரைக் கட்சியிலிருந்தும் விலக்கி, இனி படமெடுக்கவே முடியாதபடி செய்துவிட்டார்கள். புதிய காற்று வீசிய 1987இல்கூட மற்ற படங்கள் வெளியே வந்தபோது இதை மட்டும் விடவில்லை. வெளிநாட்டுச் செய்தியாளர்கள் நிறைந்த கூட்டத்தில் அவர் எழுந்து பேசிய பிறகு மறைக்க வழியில்லை. விழா நாட்களிலேயே படம் திரையேறியது. மறு ஆண்டு பெர்லினில் வெள்ளிக் கரடி வாங்கியது. அஸ்கோல்தவ் 2018இல் இறந்தார். வேறு முழுநீளப் படம் எதையும் அவர் இயக்கவில்லை.

1989இல் பரிசின் பெயர் மாறியது. குதிரைமேல் அமர்ந்து நாகத்தைக் குத்தும் புனித ஜார்ஜ் மாஸ்கோ நகரின் சின்னம். அன்றிலிருந்து ‘தங்க புனித ஜார்ஜ்’. 1991 ஜூலையில் சோவியத் நாட்டின் கடைசி விழா. அடுத்த மாதமே ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, டிசம்பரில் நாடே இல்லை. அந்தக் கடைசி விழாவில் தங்கம் வாங்கியது ‘கடலோரம் ஓடும் புள்ளி நாய்’. ‘ஜமீலா’ மூலம் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்த சிங்கிஸ் ஐத்மாத்தவின் குறுநாவல் அது. தூரக் கிழக்கின் நிவ்க் பழங்குடியினரைப் பற்றியது.

1990களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் இல்லை, தியேட்டர்கள் ஃபர்னிச்சர் கடைகளாகவும் கார் விற்பனைக் கூடங்களாகவும் மாறின, ரஷ்யப் படத் தயாரிப்பே படுத்துவிட்டது. 1995இல் ரிச்சர்ட் கீர் தலைமையிலான நடுவர் குழு தங்கப் பரிசுக்குத் தகுதியான படம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு அது பிடித்த முடிவு. பந்தி பரிமாறிய பழக்கத்துக்கு அப்படி ஒரு நிறுத்தம் தேவைப்பட்டது.

அந்தப் பத்தாண்டின் முடிவில் நிகிதா மிகல்கோவ் விழாத் தலைவரானார், விழாவும் ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. மிகல்கோவ் பெரிய இயக்குநர். வெனிஸில் தங்கச் சிங்கம், அப்புறம் ஆஸ்கர், இரண்டும் வாங்கியவர். சோவியத் தேசிய கீதத்தை எழுதியவரின் மகன், புதினின் வெளிப்படையான ஆதரவாளர். ‘நம்புகிறேன்’ என்ற, ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் புகழ்பெற்ற சொல்லைப் பெயராக வைத்து நடிகர்களுக்கு ஒரு விருது ஏற்படுத்தினார்கள். ஜாக் நிக்கல்சன், மெரில் ஸ்ட்ரீப், இசபெல் உப்பேர் போன்றவர்கள் வந்து வாங்கினார்கள். சிவப்புக் கம்பளம் நன்றாக இருந்தது. போட்டிதான் தேறவில்லை. 2004, 2005, 2007, 2009 என்று ஆறு ஆண்டுகளில் நான்கு முறை தங்கம் ரஷ்யப் படத்துக்கே போனது. நடுவர்கள் வெளிநாட்டவராக இருந்தாலும் சொந்த ஊரில் சொந்தப் படம் இப்படித் தொடர்ந்து ஜெயித்தால் வெளியே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? அதே சமயம், போட்டிக்கு வெளியே இருந்த பிரிவுகளைப் பல ஆண்டுகள் பொறுப்பில் இருந்த கிரீல் ராஸ்லோகவ் என்ற விமர்சகரும் அவர் குழுவினரும் மிகச் சிறப்பாகத் தேர்ந்தெடுத்தார்கள். கானிலும் பெர்லினிலும் பேசப்பட்ட படங்கள், பழைய படங்களின் தொகுப்புகள் எல்லாம் மாஸ்கோக்காரர்களுக்கு அங்கே கிடைத்தன. சோவியத் காலத்துக் கதைதான்; போட்டி ஒரு பக்கம், விழா ஒரு பக்கம்.

சமீப காலத்தில் எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்த பரிசு 2018இல் வந்தது. எதுவார்த் நோவிகவ் இயக்கிய ‘ஜார் பறவை’. சைபீரியாவின் யாக்கூத்தியாவில், சகா மொழியில் எடுத்த படம். 1930களில் காட்டில் தனியே வாழும் ஒரு முதிய தம்பதியின் வீட்டுக்கு ஒரு கழுகு வந்து தங்கிவிடுகிறது. சகா மொழி பேசுபவர்கள் மொத்தமே ஐந்து லட்சத்தை ஒட்டித்தான் இருப்பார்கள். ஆனால் அங்கே தங்கள் மொழியில், சொற்பக் காசில் படமெடுத்து, தங்கள் ஊர்த் தியேட்டர்களிலேயே ஓட்டி லாபம் பார்க்கும் ஒரு சின்னத் திரையுலகம் இருக்கிறது. மாஸ்கோ ஸ்டூடியோக்களின் தயவு இல்லாமல் வளர்ந்த சினிமா மாஸ்கோவின் முதல் பரிசை வாங்கியது. ‘தெர்சு உசாலா’வின் நானாய் வேட்டைக்காரர், 1991இன் நிவ்க் மீனவர்கள், 2018இன் சகா முதியவர்கள் என்று இந்த விழாவின் நல்ல பரிசுகள் சில ரஷ்யாவின் ஓரங்களில் வாழும் சிறிய இனங்களின் கதைகளுக்குப் போயிருப்பதையும் கவனிக்கலாம்.

2022இல் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்த பிறகு ஃபியாஃப் மாஸ்கோ விழாவின் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது; பீட்டர்ஸ்பர்க் நகரின் ஆவணப்பட விழாவுக்கும் அதே கதி. ஹாலிவுட் நிறுவனங்கள் ரஷ்யாவில் வெளியீட்டை நிறுத்தின. விழா நிற்கவில்லை. அந்த ஆண்டு தங்கம் ஒரு ஈரானியப் படத்துக்கு, 2024இல் ஒரு மெக்சிகோ படத்துக்கு. ஈரான், துருக்கி, சீனா, இந்தியா, லத்தீன் அமெரிக்கா என்று படம் வரும் திசை மாறிவிட்டது. ஆக, ‘ஏ’ வகுப்பு என்று விளம்பரத்தில் பார்த்தால் அந்த அங்கீகாரம் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இந்தியப் படம் தேர்வாவதைப் பற்றி. முதன்மைப் போட்டியில் தேர்வானால் அது மதிக்க வேண்டிய விஷயம்தான்; ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் தனிப் போட்டிகள் உண்டு, அவையும் சரி. ஆனால் சர்வதேசச் சந்தையில் கதவு திறக்குமா என்றால், இன்றைய நிலையில் ரஷ்யாவையும் அதன் அண்டை நாடுகளையும் தாண்டித் திறப்பது கடினம். போர் நடக்கும்போது அந்த மேடையில் ஏறலாமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஐரோப்பிய இயக்குநர்கள் பலர் கூடாது என்று விலகிவிட்டார்கள். நம்மவர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும் என்றுதான் நான் சொல்வேன், முடிவு அவரவர் விருப்பம். இன்னொன்று: நகரத்தின் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு, கட்டணம் வாங்கி, மாதாமாதம் ‘சிறந்த படம்’ சான்றிதழ் மின்னஞ்சலில் அனுப்பும் போட்டிகள் உலகெங்கும் நிறைய முளைத்திருக்கின்றன. ‘மாஸ்கோவில் விருது’ என்று போஸ்டர் பார்த்தால் எந்த விழா, எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லுங்கள்.

படங்களைப் பார்க்க ஆசையிருந்தால் ‘நிர்வாணத் தீவு’, ‘எட்டரை’, ‘அமெச்சூர்’, ‘கமிசார்’ என்ற வரிசையில் பாருங்கள். முதல் படத்துக்கு சப்டைட்டில் தேடி அலையவும் வேண்டாம்.